ஃபன்னி: சிரிப்பு பாதி, ‘ஒரு மாதிரி’ பாதி

கேள்வி – 2024 ஜூன் 3

‘ஃபன்னி’ என்றால் சிரிப்பூட்டும் என்றுதான் பொருள். அகராதிகள் இரண்டாவதாகப் போடும் ‘விசித்திரமான’ என்பது பழைய வழக்கு, இன்றைய பேச்சில் செத்துப்போன பொருள் என்பது என் எண்ணம். ஆனால் போன வாரம் மேலாளர் (ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி) நான் அனுப்பிய கணக்கைப் பார்த்துவிட்டு ‘தீஸ் நம்பர்ஸ் லுக் ஃபன்னி’ என்று எழுதினார். நான் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டுப் பதில் அனுப்பினேன். அடுத்து வந்த மறுமொழி சூடாக இருந்தது. எண்களைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது? அவர் சொல்லைத் தப்பாகப் போட்டாரா, நான் தப்பாகப் படித்தேனா?

ஜூன் 3, இரவு

அவர் சரியாகத்தான் போட்டார். கணக்கில் ஏதோ இடிக்கிறது என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பொருள் சாகவே இல்லை. பால் கெட்டுவிட்டதா என்று மோந்து பார்ப்பவர் ‘இட் ஸ்மெல்ஸ் ஃபன்னி’ என்பார். வண்டி எஞ்சினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் ‘ஃபன்னி நாய்ஸ்’. நாக்கில் ஒட்டாத ருசி ‘டேஸ்ட்ஸ் ஃபன்னி’. இதிலெல்லாம் யாரும் சிரிப்பதில்லை.

அவசரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். லுக், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், ஃபீல் ஆகிய வினைகளுக்குப் பின்னால் ஃபன்னி வந்து நின்றால் முதலில் சிரிப்பை ஒதுக்கி வையுங்கள். பத்தில் எட்டு இடங்களில் ‘என்னமோ சரியில்லை’ என்றே பொருள் வரும். கதை, ஜோக், படம், நடிகர் மாதிரியான பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் சிரிப்பு.

ஜூன் 4

நேற்று ‘என்னமோ சரியில்லை’ என்று எழுதினேன். அதைவிட நெருக்கமான தமிழ் காலையில் நினைவுக்கு வந்தது: ‘ஒரு மாதிரி’.

போட்டுப் பாருங்கள். வாசனை ஒரு மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அவர் ஆள் ஒரு மாதிரி. என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான்கிலும் ஆங்கிலக்காரர் ஃபன்னி என்ற ஒரே சொல்லைப் போடுவார். நான்கிலும் நாம் எந்த மாதிரி என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். தெரியாததால் விடுகிறோம், இல்லை தெரிந்தும் வாயால் சொல்ல விருப்பமில்லாமல் விடுகிறோம். ஃபன்னியும் அப்படியே.

அகராதியில் இருக்கும் ‘விசித்திரமான’, ‘வினோதமான’ இரண்டும் இங்கே கனமாகிவிடுகின்றன என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘இந்த எண்கள் விசித்திரமாக உள்ளன’ என்றால் ஆச்சரியம் தொனிக்கிறது. மேலாளர் ஆச்சரியப்படவில்லை, சந்தேகப்பட்டார். ஆனால் ‘ராங்’ என்று எழுதினால் உங்கள் மேல் தப்பு சுமத்தியதாகிவிடும். ‘சஸ்பிஷியஸ்’ என்றால் திருட்டுப் பட்டமே கட்டியதாகிவிடும். ஃபன்னி யார் மேலும் விரல் நீட்டாத சொல். நீங்களே ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று இடம் விட்டு வைக்கிற மரியாதை அதில் இருக்கிறது. அந்த மரியாதைக்குச் சிரிக்கும் முகம் பதிலாகப் போனதுதான் அவருக்குச் சுட்டிருக்கும்.

ஜூன் 5

எது பழைய பொருள் என்ற விஷயம். வரலாற்றைப் பார்த்தால் நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்.

முதலில் ‘ஃபன்’. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது வினைச்சொல்லாக வருகிறது, அப்போது பொருள் ஏமாற்றுவது, ஏய்ப்பது. களிப்பு என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது. 1755-இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதி ஃபன்னைச் சேர்த்துக்கொண்டாலும், கீழ்த்தரமான குழூஉச் சொல் என்று முத்திரை குத்தித்தான் சேர்த்தது. அதே காலத்தை ஒட்டித்தான் ‘ஃபன்னி’யும் எழுத்தில் தலைகாட்டுகிறது, சிரிப்பூட்டும் என்ற பொருளில். ‘ஒரு மாதிரி’ என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வருகிறது. ஆகவே சிரிப்புதான் மூத்தது, சந்தேகம் இளையது. இரண்டும் இருநூறு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே குடும்பம் நடத்துகின்றன.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே ‘ஃபன்னி ஹாஹா ஆர் ஃபன்னி பெக்யூலியர்?’ என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் உண்டு. சிரிக்கிற ஃபன்னியா, வித்தியாசமான ஃபன்னியா? இயன் ஹே எழுதிய 1936-ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில் இந்தக் கேள்வி வருகிறது, அதற்கு முன்பே பேச்சில் இருந்ததுதான். ஒரு மொழி தன் சொல்லுக்கே விளக்கம் கேட்க ஒரு நிலையான வாக்கியம் வைத்திருக்கிறது என்றால் அந்தச் சொல் எவ்வளவு வழுக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 5, மறுபடி

ஏமாற்று என்ற பழைய வேர் முழுக்கக் காய்ந்துபோகவில்லை. ‘ஃபன்னி பிசினஸ்’ என்றால் தில்லுமுல்லு. ‘ஃபன்னி மணி’ என்றால் கள்ள நோட்டு, அல்லது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணம். துப்பாக்கியைக் காட்டி ‘டோன்ட் ட்ரை எனிதிங் ஃபன்னி’ என்பவனை ‘வேடிக்கை ஏதும் செய்யாதே’ என்று தமிழில் பேசவைத்திருந்த வரியை நான் திருத்தியிருக்கிறேன். ‘விளையாட்டுக் காட்டினே, தொலைச்சிடுவேன்’ என்று மாற்றினேன். நம் ‘விளையாட்டுக் காட்டுவது’ ஏமாற்று வேலைதானே. சிரிப்பும் ஏய்ப்பும் தமிழிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

‘அம்யூஸ்’ என்ற சொல்லும் இதே வழிதான். ஆரம்பத்தில் அதற்குக் கவனத்தைத் திருப்பி ஏமாற்றுவது என்ற பொருள் இருந்தது.

ஜூன் 7

வசன மொழிபெயர்ப்பு என் தொழில். திரையில் ஓடும் பேச்சுக்குக் கீழே இரண்டு வரித் தமிழ். இந்தச் சொல் தினமும் வரும், தினமும் புதுசாக யோசிக்கவைக்கும். கையிருப்பில் உள்ளதைக் கொட்டுகிறேன்.

‘தட்ஸ் நாட் ஃபன்னி.’ இதை ‘அது நகைச்சுவையாக இல்லை’ என்று எழுதினால் பேசுபவர் ஏதோ விமர்சகர் மாதிரி ஆகிவிடுகிறார். அவர் கோபத்தில் இருக்கிறார். ‘இது விளையாட்டில்லை’ அல்லது ‘இதெல்லாம் விளையாடுற விஷயமா?’

‘வெரி ஃபன்னி’ என்று முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் சொன்னால் ‘சிரிச்சாச்சு, போதுமா?’ உண்மையிலேயே சிரித்துக்கொண்டு சொன்னால் ‘செம காமெடி.’ எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், குரலைக் கேட்காமல் மொழிபெயர்க்க முடியாது. குரல் இல்லாத பிரதியை மட்டும் அனுப்பும் நிறுவனங்களோடு நான் சண்டை போடுவது இதற்காகத்தான்.

‘வாட்ஸ் சோ ஃபன்னி?’ – ‘இதில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?’

‘ஃபன்னி யூ ஷுட் ஆஸ்க்.’ – ‘நானே சொல்ல வந்தேன், நீங்களே கேட்டுட்டீங்க.’ இதில் சிரிப்பும் இல்லை, சந்தேகமும் இல்லை. இரண்டு விஷயம் தற்செயலாக ஒன்றாக வந்து நின்றதற்கான சின்ன வியப்பு மட்டும்தான். ‘ஃபன்னிலி இனஃப்’ என்பதும் இந்த வகை. ‘பாருங்க,’ என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

‘தி ஃபன்னி திங் ஈஸ்…’ – ‘இதில் வேடிக்கை என்னவென்றால்…’ தமிழ் அப்படியே வந்து பொருந்தும் இடம் இது. ‘வேடிக்கை என்னவென்றால், திருடனைப் பிடிக்கப் போனவரும் கூட்டாளிதான்’ என்போம். யார் சிரிக்கிறார்கள்? எதிர்பார்த்தது ஒன்று நடந்தது ஒன்று என்றுதான் அங்கே வேடிக்கைக்குப் பொருள்.

‘ஃபன்னி வே ஆஃப் ஷோயிங் இட்.’ காதலிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கண்டபடி பேசுபவனைப் பார்த்து அவள் சொல்வது. பல நாள் சரியான வரி சிக்காமல் உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ‘அன்பைக் காட்டுற லட்சணமா இது?’ என்று எழுதினேன். இன்றுவரை எனக்குப் பிடித்த வரிகளில் அது ஒன்று.

ஜூன் 8

முதல் நாள் சொன்ன அவசர வழியை இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கலாம். ‘லுக்’ வினையாக வந்தால் சந்தேகம் என்றேன். யாராவது கோமாளித் தொப்பி வைத்துக்கொண்டு நின்றால் ‘யூ லுக் ஃபன்னி’ என்பது சிரிப்புதான். பெயர்ச்சொல்லாக வரும் லுக்கோ எப்போதும் மற்ற பக்கம்தான் நிற்கும். ‘ஹீ கேவ் மீ எ ஃபன்னி லுக்’ என்றால் ஒரு மாதிரி பார்த்தான், வேறு பொருள் இல்லை. ‘ஃபன்னி ஃபேஸ்’ என்றால் குழந்தையைச் சிரிக்கவைக்கக் காட்டும் கோண முகம். ‘ஃபன்னி ஃபீலிங்’ உள்ளுணர்வு, ஏதோ நடக்கப்போகிறது என்ற உறுத்தல். பெயர்ச்சொல்லைப் பார்த்து முடிவு செய்வது முக்கால் தூரம் கொண்டுபோய் விடும். மிச்சம் கால் தூரம் யார், யாரிடம், எந்தக் குரலில் என்பதுதான்.

ஜூன் 8, பிற்பகல்

ஃபன் என்பதையும் ஃபன்னி என்பதையும் குழப்புவது பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

‘தி ட்ரிப் வாஸ் வெரி ஃபன்னி’ என்று எழுதுகிறோம். ஜாலியாக இருந்தது என்று சொல்ல நினைத்து எழுதுகிறோம். படிப்பவருக்கு அந்தப் பயணத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி ஏதோ நடந்தது, அல்லது ஏதோ மர்மம் நடந்தது என்று போய்ச் சேர்கிறது. ஜாலி என்றால் ‘இட் வாஸ் ஃபன்’, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜாலியாக இருப்பது ஃபன், சிரிக்கவைப்பது ஃபன்னி. மலையேறுவது ஃபன், ஆனால் ஃபன்னி இல்லை. வழுக்கிச் சேற்றில் விழுந்த நண்பனின் கதை ஃபன்னி, அவனுக்கு அது ஃபன் இல்லை.

ஆளுக்கும் அப்படியே. ‘ஷி இஸ் ஃபன்’ என்றால் அவளோடு இருந்தால் பொழுது போவதே தெரியாது, அவள் ஒரு ஜோக்கும் சொல்லாமலே இருக்கலாம். ‘ஷி இஸ் ஃபன்னி’ என்றால் அவள் பேச்சில் சிரிப்பு வரும். இல்லையென்றால் அவள் ஆள் ஒரு மாதிரி! நல்லெண்ணத்தில் எழுதும் பாராட்டுக் கடிதத்தில் இந்த ஆபத்து எதற்கு? ஆளைப் பற்றி எழுதும்போது ‘ஷி மேக்ஸ் அஸ் லாஃப்’ என்று எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை.

‘மேக் ஃபன் ஆஃப்’ என்றால் கேலி செய்வது. அங்கேயும் ஃபன்தான் வரும், ஃபன்னி வராது.

ஜூன் 10

இன்று கொஞ்சம் தள்ளிப் போகிறேன், ஆனால் சுற்றி இங்கேதான் வருவேன்.

சிரிப்பையும் விந்தையையும் ஒரே சொல்லில் அடைப்பது ஆங்கிலத்தின் கோளாறு இல்லை. ஜெர்மனில் ‘கோமிஷ்’ அப்படித்தான், சிரிப்பாகவும் இருக்கும், வித்தியாசமாகவும் இருக்கும். பிரெஞ்சில் ‘த்ரோல்’ தனியாக வந்தால் சிரிப்பு. ‘த்ரோல் த’ என்று சேர்ந்து வந்தால் விசித்திரம். 1939 செப்டம்பரில் போர் அறிவித்துவிட்டு 1940 மே வரை மேற்கு எல்லையில் பெரிய சண்டையே இல்லாமல் கிடந்த காலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘த்ரோல் த கேர்’ என்றார்கள். யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. இதென்ன போர், ஒரு மாதிரி இருக்கிறதே என்ற அர்த்தம்.

தமிழில் ‘விநோதம்’ போன பாதையைப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் அது பொழுதுபோக்கு, களிப்பு. மலையாளத்திலும் தெலுங்கிலும் இன்றுவரை கேளிக்கை என்ற பொருள்தான். சிலப்பதிகார உரையில் கூத்தைச் சாந்திக் கூத்து, விநோதக் கூத்து என்று பிரிக்கும்போது தமிழிலும் அதே பொருள். இன்று ‘விநோதமான பழக்கம்’ என்றால் யார் மனசில் கேளிக்கை வருகிறது? களிப்பில் கிளம்பி விந்தையில் வந்து நின்றுவிட்டது. ஃபன்னி பாதி வழியில் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறது, விநோதம் முழுக்கக் கரை தாண்டிவிட்டது.

எதற்காக எல்லா மொழியும் இந்தப் பாதையில் போகிறது? என் எண்ணம் இது: சிரிப்பும் சந்தேகமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. எதிர்பார்த்த வரிசை ஓரிடத்தில் தப்புகிறது. தப்பியதால் ஆபத்தில்லை என்று தெரிந்தால் சிரிக்கிறோம். ஆபத்து இருக்குமோ என்று தோன்றினால் புருவம் சுருங்குகிறது. எதிர்பார்ப்பு இறுகிக்கொண்டே போய்த் திடீரென்று ஒன்றுமில்லாமல் ஆகும்போது பிறப்பதே சிரிப்பு என்று 1790-இல் ஜெர்மன் தத்துவவாதி கான்ட் எழுதியதும் இந்த வரிசை தப்புவதைப் பற்றித்தான். ஃபன்னி அந்தத் தப்பிய இடத்துக்கான பெயர். அடுத்து என்ன வரும் என்று அது சொல்வதில்லை.

ஜூன் 11

தொல்காப்பியத்தை நேற்றே கொண்டுவந்திருக்க வேண்டும், இடம் நீண்டுவிட்டது.

அதன் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் விதங்களைச் சொல்கிறது. நகை ஒன்று, மருட்கை இன்னொன்று. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகவும் பிரிக்கிறது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். கேலி, சின்னப்பிள்ளைத்தனம், அறியாமை, மடமை – இவை சிரிப்பைத் தரும். இதுவரை பார்க்காதது, அளவுக்கு மீறிப் பெரியது, நம்ப முடியாத அளவு சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறியது – இவை திகைப்பைத் தரும். ஆங்கிலத்தின் ஃபன்னி இந்த இரண்டு வீட்டுக்கும் சாவி வைத்திருக்கிறது. நம் இலக்கணம் சுவர் எழுப்பி வைத்த இடத்தில் அவர்கள் கதவு வைத்திருக்கிறார்கள்.

இரண்டும் நல்ல ஏற்பாடுதான். சுவர் இருந்தால் தெளிவு, கதவு இருந்தால் நழுவ வசதி. மொழிபெயர்ப்பவர் எந்த வீட்டுக்குள் நிற்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 11, இரவு

ஃபன்னி போன்: முழங்கை இடித்தால் விரல்வரை மின்சாரம் பாயும் இடம். அது எலும்பே இல்லை. எலும்பு முனைக்குப் பின்னால் தோலுக்கு அருகில் ஓடும் அல்நார் நரம்பு அது. அந்த மேல்கை எலும்பின் பெயர் ‘ஹ்யூமரஸ்’, நகைச்சுவையான என்ற சொல்லும் காதுக்கு ‘ஹ்யூமரஸ்’தான். பெயர் இந்தச் சிலேடையால் வந்ததா, இடித்தால் வரும் ‘ஒரு மாதிரி’ உணர்வால் வந்ததா என்று கேட்டால் இரண்டுமே பொருந்துகிறது. ஹாஹாவும் பெக்யூலியரும் ஒரே முழங்கையில்.

ஜூன் 13

மற்ற உரிச்சொற்கள் பற்றியும் கேள்வி வந்திருக்கிறது. சுருக்கமாக.

‘ஹ்யூமரஸ்’ எழுத்துக்கு உரியது. கட்டுரை, உரை, பத்திக்குச் சரி. நண்பனைப் பார்த்து ‘யூ ஆர் ஹ்யூமரஸ்’ என்றால் மேடையில் பேசுகிற மாதிரி இருக்கும். ‘விட்டி’ என்றால் சொல் சாதுரியம், டக்கென்று வரும் பதில். முகம் கோணி ஆடுபவரை அப்படிச் சொல்ல முடியாது. ‘அம்யூஸிங்’ இதழோரம் வரும் புன்னகை. ஒருவர் முழு மூச்சாகச் சிரிக்கவைக்க முயன்றபின் ‘அம்யூஸிங்’ என்றால் அவர் மனம் சுருங்கிப்போகும். ‘காமிக்கல்’ பெரும்பாலும் வேண்டுமென்றே செய்யாத சிரிப்புக்கு: அவன் கோபம் காமிக்கலாக இருந்தது. ‘ரிடிக்யுலஸ்’, ‘லூடிக்ரஸ்’ இரண்டின் வேரிலும் சிரிப்பும் விளையாட்டும் இருக்கின்றன. ஆனால் இன்று அவற்றில் ‘அபத்தம்’ என்ற கண்டனம்தான் மிச்சம்.

‘ஹிலேரியஸ்’ பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். லத்தீன் வழியாக வந்த சொல். ஆரம்பத்தில் உற்சாகமான, களிப்பான என்று ஆளின் மனநிலையைச் சொன்னது. பிறகுதான் வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் என்று விஷயத்தின் மேல் ஏறியது. அதிலேயே ‘மிகவும்’ அடங்கிவிட்டதால் ‘வெரி ஹிலேரியஸ்’ இடறும். ‘அப்சல்யூட்லி ஹிலேரியஸ்’ இடறாது. ‘வெரி ஃபன்னி’ போடலாம், ஃபன்னிக்கு ஏற்ற இறக்கம் உண்டு: ஃபன்னியர், ஃபன்னியஸ்ட். லேசாக உதடு விரிந்த விஷயத்துக்கெல்லாம் ஹிலேரியஸ் போட்டுப் போட்டு அந்தச் சொல் தேய்கிறது. நிஜமாகவே கண்ணில் நீர் வரச் சிரித்த அன்றைக்குப் போட ஒரு சொல் வேண்டாமா? எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஜூன் 14

போர் என்றதும் விட்டுப்போன ஒன்று. இரண்டாம் உலகப் போரில் பெர்சி ஹோபார்ட் என்ற பிரிட்டிஷ் தளபதியின் 79-ஆவது கவசப் படைப்பிரிவில் விதவிதமான டாங்கிகள் இருந்தன. முன்னால் சங்கிலிகளைச் சுழற்றித் தரையை அடித்துக் கண்ணிவெடியை வெடிக்கவைப்பது ஒன்று. கித்தான் மறைப்பை உயர்த்திக்கொண்டு கடலில் மிதந்து வருவது ஒன்று. மணலில் புதையாமல் இருக்கத் துணிப் பாதை விரித்துக்கொண்டே போவது ஒன்று. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் இவை கரையேறின. படைவீரர்கள் இவற்றுக்கு வைத்த பெயர் ‘ஹோபார்ட்ஸ் ஃபன்னீஸ்’. உரிச்சொல் பெயர்ச்சொல்லாகிப் பன்மையும் ஏற்றுக்கொண்டது. பார்க்க வேடிக்கை, வேலை உயிர்காக்கும் வேலை.

அமெரிக்காவில் 1960-களின் நேர்ப்பாதைக் கார் பந்தயங்களில் சக்கரங்களை முன்னால் தள்ளி வைத்த கார்களுக்கு ‘ஃபன்னி கார்’ என்று பெயர் வந்ததும் தோற்றம் ஒரு மாதிரி இருந்ததால்தான். இன்று அது ஒரு போட்டிப் பிரிவின் முறையான பெயர்.

‘ஃபன்னி ஃபார்ம்’ என்று மனநல மருத்துவமனையைச் சொல்வது இழிவு. பொருள் தெரிந்திருக்கட்டும், வாயில் வர வேண்டாம்.

ஜூன் 17

இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே எழுத நினைத்தேன்.

மருத்துவ ஆலோசனை அழைப்புகளை எழுத்தாக்கித் தமிழில் தரும் வேலை ஒன்று வந்தது. பயிற்சியில் இருந்த ஒருவரின் வரைவு என்னிடம் சரிபார்க்க வந்தது. வயதான பெண்மணி பேசுகிறார். பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாராம். ‘ஐ கேம் ஓவர் ஆல் ஃபன்னி’ என்கிறார். வரைவில் இருந்தது: ‘எனக்குத் திடீரென்று ஒரே சிரிப்பாக வந்தது.’ அடுத்த வரியில் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன் என்கிறார். அதற்கடுத்து, கொஞ்ச நேரம் வலது கை சொன்னபடி கேட்கவில்லை என்கிறார். வரைவை மட்டும் படித்தால் ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்துக் களைத்து உட்கார்ந்த கதை.

‘கேம் ஓவர் ஃபன்னி’, ‘ஃபன்னி டர்ன்’ இரண்டும் பிரிட்டிஷ் பேச்சு வழக்கு. திடீரென்று தலை சுற்றியது, மயக்கம் வருகிற மாதிரி இருந்தது என்று பொருள். வயதானவர்கள் மருத்துவரிடம் சாதாரணமாகச் சொல்வது இதுதான். அது வெறும் களைப்பாக இருக்கலாம். மூளைக்கு ரத்தம் போவது சற்று நேரம் தடைபட்டதாகவும் இருக்கலாம். அதனால்தான் அங்குள்ள மருத்துவர்கள் ஃபன்னி டர்ன் என்று காதில் விழுந்தால் தள்ளிவிடாமல் துருவிக் கேட்கிறார்கள்: முகம் கோணியதா, பேச்சு குழறியதா, கை தூக்க முடிந்ததா?

நான் திருத்திய வரி: ‘திடீர்னு என்னமோ மாதிரி வந்துடுச்சு.’ தலைசுற்றல் என்று எழுதவில்லை, அந்த அம்மாள் தலைசுற்றல் என்று சொல்லவில்லை. அவர் பெயர் வைக்காமல் விட்டதை நான் பெயர் வைத்துக் கொடுத்தால் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் போய்விடலாம். தெளிவில்லாததைத் தெளிவில்லாமலே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் மொழிபெயர்ப்பவரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பயிற்சியில் இருந்தவரிடமும் இதைத்தான் விளக்கினேன். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: ‘அப்போ ஃபன்னி வந்தாலே என்னமோ மாதிரின்னு போட்டுடலாமா?’ கூடாது. பேசுபவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜூன் 18

ஆளோடு ‘அபௌட்’ சேர்ந்து வரும் வடிவம் பற்றி ஒரு கேள்வி பாக்கி இருந்தது. ‘ஹீ இஸ் ஃபன்னி அபௌட் மணி’ என்றால் பண விஷயத்தில் அவர் கொஞ்சம் ஒரு தினுசு. கணக்குப் பார்ப்பவர், அல்லது பேச்சை எடுத்தாலே முகம் மாறுபவர். ‘ஷி இஸ் ஃபன்னி அபௌட் பீப்பிள் டச்சிங் ஹர் புக்ஸ்’ என்றால் அவள் புத்தகத்தை யாராவது தொட்டால் ஆகாது. இதில் சிரிப்பு அறவே இல்லை, குற்றச்சாட்டும் பாதிதான். அவரவர் குணம், நாம் பார்த்து நடந்துகொள்வோம் என்ற விட்டுக்கொடுத்தல் இருக்கிறது.

‘டோன்ட் கெட் ஃபன்னி வித் மீ’ வேறு விஷயம், அது எச்சரிக்கை. ‘என்கிட்ட வாய் காட்டாதே.’ எதிரில் நிற்பவர் இதைச் சொன்னால் ஹாஹாவா பெக்யூலியரா என்று திருப்பிக் கேட்க வேண்டாம்.

ஜூன் 20

பிள்ளைகள் விஷயம் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆங்கிலம் பேசும் சின்னக் குழந்தைகள் ‘மை டம்மி ஃபீல்ஸ் ஃபன்னி’ என்பார்கள். வலி, குமட்டல், பசி, பயம் எல்லாவற்றுக்கும் அந்த வயதில் அது ஒரே சொல். பள்ளிக்குப் போக விருப்பமில்லாத பிள்ளையும் அதையே சொல்லும், பரீட்சைக்குப் பயந்த பிள்ளையும் அதையே சொல்லும். குழந்தை வசனத்தில் இது வந்தால் ‘வயிறு வலிக்குது’ என்று நான் எழுதுவதில்லை. ‘வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது’ என்று எழுதுகிறேன். நம் பிள்ளைகளும் அப்படித்தானே சொல்கிறார்கள். அம்மா பாத்திரம் அடுத்த வரியில் ‘என்ன பண்ணுது?’ என்று கேட்கவும் அது இடம் கொடுக்கிறது.